பதினொன்றாம் பக்கம்

அன்று வியாழக்கிழமை. மதியம் மூன்றரை மணிக்கு அரங்கின் பக்கவாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நனைந்த குடையைக் கதவோரத்து வாளியில் செருகினேன். முன்கூடத்தில் விளக்கு போடவில்லை. நாடகம் ஏழு மணிக்குத்தான். அதுவரை அங்கே காலி நாற்காலிகளும் துணி போட்டு மூடிய டீ கவுண்டரும் மட்டும்தான் இருக்கும். கொஞ்ச நாளுக்கு முன்புவரை ஜன்னலோரத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருப்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் கை. "நாடகம் ஏழு மணிக்குத்தான் சார்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவேன். அவர் தலையாட்டிச் சிரிப்பார். இப்போது அவரையும் காணோம். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் குவிந்து கிடந்த தபாலை அள்ளிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். எங்கள் அரங்கில் லிஃப்ட் கிடையாது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எங்கள் அரங்கு புது நாடகங்களை மட்டுமே போடும். ஏற்கெனவே எங்காவது மேடையேறிய எதையும் தொடாது. யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். பஸ் ஓட்டுகிறவர், பல் பிடுங்குகிறவர், எழுத்துப்பிழை இல்லாமல் நாலு வரி எழுதத் தெரியாதவர், யாராக இருந்தாலும் சரி. வாசலில் பித்தளைப் பலகை ஒன்று இருக்கிறது. "இங்கே அனுப்பப்படும் ஒவ்வொரு நாடகமும் கடைசி வரி வரை படிக்கப்படும்."

அப்படிப் படிக்க வேண்டிய ஆள் நான். அதனால் அங்கே என் பெயரே எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. "கடைசி வரி அக்கா" என்றால்தான் தெரியும்.

எழுதியவர் யார் என்று தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று, பெயரும் முகவரியும் உள்ள முதல் தாளை ஆபீசிலேயே கழற்றி உறையில் போட்டுவிடுவார்கள். என் மேஜைக்கு வருவது ஒரு நம்பரும், தலையில்லாத நாடகமும்தான். வருஷத்துக்கு நானூறு வரும். முதல் வருஷம் எல்லாவற்றையும் கடைசி வரி வரை படித்தேன். இரண்டாம் வருஷம் கண் வலித்தது. மூன்றாம் வருஷம் ஒரு திமிர் வந்துவிட்டது. பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும், மீதியைப் படித்து என்ன ஆகப் போகிறது என்ற திமிர்.

எங்கே நிறுத்தினேனோ அந்தப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு சின்ன டிக் போடுவேன். இயக்குநர் மேடம் எதையாவது கேட்டால் சமாளிக்க வசதியாக இருக்கும். பிறகு கடிதம் எழுதுவேன். "உங்கள் நாடகத்தைக் கடைசி வரி வரை கவனமாகப் படித்தோம்." திருப்பி அனுப்பும் முன் ரப்பரால் டிக்கை அழித்துவிடுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் செய்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அன்றைய தபாலில் "நாடகம் படிப்பவருக்கு" என்று மட்டும் எழுதிய, அனுப்பியவர் பெயரில்லாத தடித்த உறை ஒன்று இருந்தது. பிரித்தேன். மஞ்சள் அட்டை, நீல மையில் குண்டு குண்டான கையெழுத்து, நம்பர் இருநூற்றுப் பன்னிரண்டு. நான்கு மாதத்துக்கு முன் நானே திருப்பி அனுப்பிய நாடகம். கூட ஒரு கடிதமும் இல்லை.

நாடகம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு லிஃப்ட். அதை இயக்குகிற ஒரு ஆள். ஒரு பெண் ஏறுகிறாள், நம்பர் சொல்கிறாள், இறங்குகிறாள். மறுநாளும் ஏறுகிறாள், நம்பர் சொல்கிறாள். பத்துப் பக்கத்துக்கு இதேதான். பதினொன்றாம் பக்கத்தில் கரண்ட் போய் லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது. கதையும் நின்றுவிட்டது என்று நினைத்து நான் மூடிவைத்துவிட்டேன்.

பக்கங்களைப் புரட்டினேன். பதினொன்றாம் பக்கத்தின் மூலையில் என் பென்சில் டிக் அப்படியே இருந்தது. அழிக்க மறந்திருக்கிறேன்.

அதைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம் போட்டிருந்தது.

அவ்வளவுதான். திட்டவில்லை, ஒரு கேள்விக்குறி கூட இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவளைப்போல முகம் சுட்டது. அந்த நிமிஷமே உட்கார்ந்து மீதியைப் படித்திருக்க வேண்டும். செய்யவில்லை. மேஜையின் கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

*

என் அறைக்கு அடுத்தது வாசிப்புக் கூடம். ஒரு நீள மேஜை, சுற்றிப் பன்னிரண்டு நாற்காலிகள். தேர்ந்தெடுத்த நாடகத்தை நடிகர்கள் முதன்முதலாக உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது அங்கேதான். மேஜையின் கோடியில் இருக்கும் கை வைத்த நாற்காலி எழுதியவருடையது. அதில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள், மேடம்கூட. எழுதியவர் வாசிப்பு முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. நடிகர் தப்பாகப் படித்தாலும், எழுதியவர் பெற்ற பிள்ளைபோன்ற வரியையே கொலை செய்தாலும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி வரி முடிந்ததும் மேடம் சொல்வார்: "எழுதியவர் பேசலாம்." அதன் பிறகுதான் பேச்சு.

அடுத்த வியாழன் நான்கு மணிக்கு நான் என் அறையில் தனியாக இருந்தேன். மாடி முழுக்க நான் ஒருத்திதான். மழை நின்று எங்கோ தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு நாற்காலி. மெல்ல, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இழுப்பதுபோல.

"யாரது? பெல் அண்ணனா?" என்றேன், மேடை மேலாளராக இருக்கும் என்று நினைத்து.

எழுந்து போய்ப் பார்த்தேன். கூடத்தில் விளக்கு இல்லை, திரை மூடியிருந்தது. பதினொரு நாற்காலிகள் மேஜையை ஒட்டி இருந்தன. எழுதியவர் நாற்காலி மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பின்னால் தள்ளியிருந்தது. காற்றில் ஒரு வாசனை. யூகலிப்டஸ் போட்ட இருமல் மிட்டாய் வாசனை.

யாராவது நடிகர் வந்து உட்கார்ந்து போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன்.

மேஜை மேல் மஞ்சள் அட்டை நாடகம் கிடந்தது. பதினொன்றாம் பக்கம் திறந்திருந்தது.

இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன். பூட்டியபடியேதான் இருந்தது. சாவி என் பையில் இருந்தது.

இதை யாரிடம் சொல்வது? வீட்டில் எனக்கு யாரும் கிடையாது. ஏழு மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடி, ஒரு படுக்கையறை, ஒரு கட்டில். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போன் பண்ணுவாள். "தனியா கிடந்து என்னக்கா பண்றே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் மாமியார் கதைக்குப் போய்விடுவாள். மற்ற நாட்களில் என் வாயிலிருந்து வரும் பேச்சு பஸ் கண்டக்டரிடம் சொல்லும் ஸ்டாப் பெயர் ஒன்றுதான் என்று ஆகிவிடுவதும் உண்டு. அந்த ஞாயிறு அவளிடம் சொல்லத் தொடங்கினேன். "ஆபீஸ்ல ஒரு மாதிரியா இருக்குடி" என்றேன். "ஆபீஸ்னாலே அப்படித்தான்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

அதற்கடுத்த வியாழனும் அதே நேரம், அதே சத்தம். நான் எழுந்து போகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்திய காதுக்குள்ளும் அது கேட்டது.

ஓர் இருமல்.

வெளியே வந்துவிடக் கூடாது என்று உதட்டை இறுக்கி அடக்கிய இருமல். பேசக் கூடாது என்று சொல்லி உட்காரவைத்த ஆளின் இருமல்.

குனிந்து பார்த்தால் என் மடியில் பதினொன்றாம் பக்கம்.

*

பெல் அண்ணன் எங்கள் மேடை மேலாளர். நாடகம் தொடங்க மணி அடிப்பவர் அவர்தான். எதற்கும் பயப்படாத மனிதர், உத்தரத்தில் ஏறி நின்று விளக்கு மாட்டுவார். அவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அண்ணே, வியாழக்கிழமை சாயங்காலம் வாசிப்புக் கூடத்துக்கு நீங்க வர்றீங்களா?"

அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நான் வர்றதில்லம்மா. வர்றவரைப் பாத்திருக்கேன்" என்றார்.

"யாரை?"

"முதுகைத்தான் பாத்தேன். வெள்ளைச் சட்டை. எழுதினவங்க நாற்காலில உக்காந்திருந்தாரு. வாசிப்பு எதுவும் இல்லையேன்னு ஒரு எட்டு உள்ள வச்சேன். ஆளைக் காணோம்." ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "என்கிட்ட கேக்காதீங்க. நாடகம் படிக்கிறது நீங்கதானே?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த மஞ்சள் அட்டை ஞாபகம் வந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு வாசிப்பு இருந்தது. நான் நிஜமாகவே கடைசி வரி வரை படித்துத் தேர்ந்தெடுத்த நாடகம். எழுதியவள் சின்னப் பெண், மருந்துக் கடையில் வேலை. வேலை முடிந்து நேராக வந்தவள், எழுதியவர் நாற்காலியில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

"யாராவது உக்காந்திருந்தாங்களா மேடம்? சூடா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். "உங்களுக்காக சூடு பண்ணி வச்சிருக்கோம்மா" என்றார் ஒரு நடிகர். அவள் சங்கடத்தோடு விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேர வாசிப்பு. அன்று வியாழக்கிழமை என்பது பாதியில்தான் எனக்கு உறைத்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், நான்காக ஐந்து நிமிஷம். கடைசி வரியை ஒரு நடிகை படித்து முடித்தாள். தாள்களைக் கவிழ்த்துவைத்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எப்போதும்போலச் சொன்னார்:

"எழுதியவர் பேசலாம்."

அந்தப் பெண் வாய் திறக்கும் முன் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஆண் குரல். வயதான குரல். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து.

ஒருவரும் அசையவில்லை. மேடம் மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. "நான் இல்ல மேடம்" என்று கிசுகிசுத்தாள். மேடம் சிரித்துச் சமாளித்து, டீ சொன்னார். எல்லோரும் ஒரே சமயத்தில் சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள்.

நான் மட்டும் பேசவில்லை. இருமல் மிட்டாய் வாசனை என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

*

மறுநாள் ஆபீசில் இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் உறையை வாங்கிப் பிரித்தேன். அதை நான் செய்யக் கூடாது. செய்தேன். முதல் தாளில் நீல மையில் ஒரு பெயர். தொழில்: லிஃப்ட் ஆபரேட்டர், ஓய்வு. போன் நம்பருக்குப் பக்கத்தில் "பக்கத்து வீடு, கூப்பிட்டால் சொல்வார்கள்" என்று எழுதியிருந்தது.

ஒரு பெண் எடுத்தாள். பின்னணியில் குக்கர் சத்தம். நாடக அரங்கிலிருந்து பேசுகிறேன் என்றதும் அவள் குரல் மாறியது.

"நீங்கதானா அந்த லெட்டர் போட்டது? அவர் போய் ரெண்டு மாசமாச்சுங்க. நெஞ்சு சளி. இருமி இருமியே போயிட்டாரு."

"அவர் நாடகம் எங்களுக்குத் திரும்பி வந்திருக்கு."

"நான்தான் போஸ்ட் பண்ணேன். ஒட்டி, ஸ்டாம்ப் போட்டு மேஜை மேல வச்சிருந்தாரு. அவர் வச்சது போகட்டுமேன்னு போட்டேன்." குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. "உங்க லெட்டர் வந்தப்ப இந்தத் தெருவுக்கே காட்டினாருங்க. நாடகத்தை எடுத்துக்கல, ஆனா கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காங்கன்னு. அப்புறம் வியாழக்கிழமையானா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு உங்க தியேட்டருக்குக் கிளம்பிடுவாரு. எதுக்குன்னா, ஆள் வருவாங்கன்னு சொல்வாரு. ஒம்பது வாரம் போனாரு."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டை. மடியில் கை.

"அப்புறம்?"

"ஒரு வியாழக்கிழமை சட்டை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தவரு திரும்பிப் போய் உக்காந்துட்டாரு. ஏன் போகலைன்னு கேட்டேன். 'அவங்க கடைசி வரைக்கும் வரலம்மா, பதினொண்ணுலயே இறங்கிட்டாங்க'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

"புரியலைங்க" என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன்.

*

அடுத்த வியாழன் நான்கு மணிக்கு நானே வாசிப்புக் கூடத்துக்குப் போனேன். திரையை விலக்கி, விளக்கைப் போட்டேன். எழுதியவர் நாற்காலியை என் கையாலேயே பின்னால் இழுத்துவைத்தேன். மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்து மஞ்சள் அட்டையைத் திறந்தேன். பாவமன்னிப்பு கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. படிக்கத் தெரியும், அதைச் செய்யலாம் என்று நினைத்தேன்.

முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். அவன் வரிகளையும் நானே, அவள் வரிகளையும் நானே. "எத்தனாவது மாடிம்மா?" "நாலு." "எத்தனாவது மாடிம்மா?" "நாலு." பதினொன்றாம் பக்கம் வந்தது. கரண்ட் போனது. பக்கத்தைத் திருப்பினேன்.

நாடகமே அங்கேதான் தொடங்கியிருந்தது.

இருட்டில் அந்த ஆள் பேச ஆரம்பிக்கிறான். முப்பத்தொரு வருஷமாக ஜனங்கள் தன்னிடம் பேசியது நம்பர் மட்டும்தான் என்கிறான். நாலு என்றால் கோபத்தில் சொல்லும் நாலு எது, அழுதுவிட்டு வந்து சொல்லும் நாலு எது என்று தனக்குத் தெரியும் என்கிறான். நீங்கள் போன செவ்வாய் சொன்ன நாலு சரியில்லம்மா, என்ன நடந்தது என்று கேட்கிறான். அவள் வெகுநேரம் பதில் சொல்வதில்லை. பிறகு சொல்கிறாள். நான் படித்த நானூறு, எண்ணூறு, ஆயிரம் நாடகங்களில் அப்படி ஒரு பேச்சைப் படித்ததில்லை. மருந்துக் கடைப் பெண்ணின் நாடகத்துக்குப் பதிலாக நான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியது இதைத்தான். முப்பதாம் பக்கத்தில் என் குரல் உடைந்தது. எழுத்துகள் கலங்கின. ஒரு வரியை முழுசாகப் படிக்க முடியாமல் நிறுத்தினேன்.

மேஜையின் மறுகோடியில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. காத்துக்கொண்டிருக்கிற மூச்சு.

நான் தலை நிமிரவில்லை. விட்ட வரியிலிருந்து படித்தேன்.

நாற்பத்தாறாம் பக்கம். கரண்ட் வருகிறது. கதவு திறக்கிறது. அவள் இறங்கிப் போகிறாள். திரை. அதன் கீழே, கோடு போட்டு, சின்ன எழுத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதையும் சத்தமாகவே படித்தேன்.

"இவ்வளவு தூரம் படித்தவருக்கு வணக்கம். எனக்கு யாரும் இல்லை. ஒவ்வொரு வியாழனும் நான்கு மணிக்கு உங்கள் அரங்கின் முன்கூடத்தில், ஜன்னலோரம் இருப்பேன். நாடகத்தைப் பற்றிப் பேச வேண்டாம். நேரமிருந்தால் வந்து கொஞ்சம் உட்காருங்கள்."

ஒன்பது வாரம். ஒன்பது வாரமும் நான் அவரைத் தாண்டித்தான் மாடி ஏறியிருக்கிறேன். கடைசி வரி வரை படித்ததாக என் கையெழுத்தைப் போட்டு வரச்சொல்லிவிட்டு, நாடகம் ஏழு மணிக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் அழுதேன். யாருக்காக என்று கேட்டால் இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருந்ததால் அதைச் சொன்னேன்.

"எழுதியவர் பேசலாம்."

விளக்கு அணைந்தது.

நாற்காலி இழுபட்டது. மேஜையை ஒட்டிக் காலடிகள் வந்தன. வயதானவர் நடை, அவசரமில்லாத நடை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. இருமல் மிட்டாய் வாசனை. காதோரம் குளிர்ந்தது.

"எத்தனாவது மாடிம்மா?"

அன்பாகத்தான் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பதில் சொல்லாமல் எழுந்து ஓடினேன். மூன்று மாடிப் படி, முன்கூடம், ஜன்னலோர நாற்காலி, எதையும் பார்க்காமல் தெருவுக்கு வந்துவிட்டேன். பையும் குடையும் உள்ளேயே கிடந்தன.

வா என்று கூப்பிட்டவரை விட்டு இரண்டாவது தடவையும் ஓடினேன்.

*

அடுத்த வியாழன் நான் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று மேடத்துக்குச் சொல்லிவிட்டேன். கதவைத் தாழிட்டு, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில்.

நான்கு மணிக்கு லிஃப்ட் வரும் சத்தம் கேட்டது.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் பட்டன் லிஃப்ட். ஆபரேட்டர் கிடையாது. ஏழாவது மாடியில் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. வழக்கமாக எட்டு எண்ணுவதற்குள் கதவு மூடிக்கொள்ளும். எண்ணினேன். இருபது வரை எண்ணினேன். நூறு வரை எண்ணினேன்.

கதவு மூடவில்லை.

எழுந்து வாசல் கதவைத் திறந்து பார்த்தேன். நடைபாதையின் கோடியில் லிஃப்ட் வெளிச்சமாகத் திறந்து நின்றது. உள்ளே ஆள் இல்லை. பட்டன்கள் இருக்கும் மூலையை மட்டும் விட்டுவிட்டு வெளிச்சம் விழுந்திருந்தது. அந்த மூலையிலிருந்து அடக்கிய இருமல் ஒன்று வந்தது.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. பயந்துகொண்டு வீட்டிலேயே இருக்கலாம். அடுத்த வாரமும் இருக்கலாம். அவர் காத்திருப்பார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். செருப்பைக்கூட மாட்டாமல் நடந்துபோய் உள்ளே ஏறினேன்.

கதவு மூடியது.

நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை. லிஃப்ட் மேலே கிளம்பியது.

எங்கள் கட்டடத்தில் ஏழு மாடிதான். ஏழுக்கு மேல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி.

கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் எட்டு என்று வந்தது.

ஒன்பது.

பத்து.

பதினொன்றில் லிஃப்ட் நின்றது. விளக்கு போனது. கதவு திறந்தது. வெளியே இருட்டு. சுவர் இல்லை, தரை இல்லை, மழைக்கு முன் வரும் காற்று மட்டும் முகத்தில் அடித்தது. என் பக்கத்தில் யாரோ ஒருவர் ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். தினமும் பல பேருக்கு வழிவிட்டுப் பழகிய ஆள். நான் இறங்கிப் போய்விடுவேன் என்று அவர் எதிர்பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நான் இறங்கவில்லை.

வெகுநேரம் அப்படியே நின்றோம். பிறகு காதோரம் அந்தக் குரல், நம்ப முடியாமல் கேட்பதுபோல:

"எத்தனாவது மாடிம்மா?"

"கடைசி வரைக்கும் வரேன்" என்றேன்.

கதவு மூடியது. விளக்கு வந்தது. எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோது வெயிலில் கண் கூசியது. வாட்ச்மேன் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கரண்ட் போச்சா?" என்றார். நான் நேராகப் பஸ் ஏறி அரங்குக்குப் போய், முன்கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியைப் பார்த்துப் பேசினேன். தங்கச்சி, அவள் மாமியார், என் முழங்கால் வலி, வாயில் வந்ததையெல்லாம். ஆறரைக்கு டிக்கெட் ஜன்னல் திறக்கும்வரை பேசினேன்.

இரண்டு வருஷமாக ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை. அவர் நாடகம் போன மழைக்காலத்தில் எங்கள் மேடையில் ஏறியது. பென்சிலையும் ரப்பரையும் தூக்கி எறிந்துவிட்டேன். பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. வியாழன் மூன்றே காலுக்கு லிஃப்ட் தானாக ஏழாவது மாடிக்கு வந்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்போது இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. மெக்கானிக் நாலு தடவை வந்து பார்த்துவிட்டார். பழுது எதுவும் இல்லை என்கிறார்.

போன வாரம் வெளியே கிளம்பும்போது வாட்ச்மேன் கூப்பிட்டார்.

"அக்கா, வியாழக்கிழமை உங்ககூட லிஃப்ட்ல வர்றாரே ஒரு பெரியவர், உங்க சொந்தமா?"

நான் நின்றேன். "ஏன் கேக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. மத்த நாள்லயும் மூலைலதான் நிக்கிறாரு. யார் ஏறினாலும் மரியாதையா எத்தனாவது மாடின்னு கேக்கிறாரு. வயசானவரு, நின்னுக்கிட்டே இருக்காரு, பாவமா இருக்கு. ஒரு ஸ்டூல் போடட்டுமா?"

"போடுங்க" என்றேன்.

ஸ்டூல் போட்டாகிவிட்டது. மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் சில பேர் அதில் உட்காருகிறார்கள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிடுகிறார்கள். சூடாக இருக்கிறதாம்.